எவர்குவெஸ்ட் ஆட்டக்காரரின் கடந்தகால ஏக்கம்: மீட்கப்பட்ட உலகும் மீளாத பேச்சும்

'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லை 1688ஆம் ஆண்டில் பாசல் நகரில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் உருவாக்கினார். வீடு திரும்புதலைக் குறிக்கும் 'நோஸ்டோஸ்', வலியைக் குறிக்கும் 'அல்கோஸ்' என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அயலிடங்களில் வாழ நேர்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவரின் ஊர் ஏக்கத்தை நோயெனக் கொண்டு அவர் அதற்கு இப்பெயரிட்டார். ஊருக்குத் திரும்புதலே அந்நோய்க்குரிய மருந்து என்றும் கருதினார். பிற்காலத்தில் இச்சொல் இடத்தைவிட்டு நீங்கிக் காலத்தைப் பற்றிக்கொண்டது. ஊருக்குத் திரும்பலாம், கழிந்த காலத்திற்குத் திரும்ப இயலாது. ஆகவே மருந்தற்ற நோயாக அது மாறியது எனலாம்.

தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் ஒன்று இல்லை. 'கழிவிரக்கம்' என்பது கழிந்ததற்கு இரங்குதல் எனப் பொருள்படினும், தன் செயலை எண்ணி வருந்துதல் என்னும் பொருளே வழக்கில் மேலோங்கி நிற்கிறது. 'மலரும் நினைவுகள்' என்பதில் இன்பம் உண்டு, வலி இல்லை. எனவே இக்கட்டுரை 'கடந்தகால ஏக்கம்' என்னும் தொடரையே ஆள்கிறது.

கழிந்த காலத்திற்குத் திரும்ப இயலாது என்னும் பொது உண்மைக்கு விதிவிலக்குப் போலத் தோன்றும் களம் ஒன்று அண்மைக் காலத்தில் உருவாகியுள்ளது. இணையத்தின் வழியே பல்லாயிரவர் ஒரே நேரத்தில் பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்களே அவை. அவ்வுலகங்கள் மென்பொருளால் ஆனவை. 1999இல் இருந்தவாறே ஓர் உலகை மீண்டும் எழுப்பி அதனுள் ஆட்களை அனுப்ப முடியும். அவ்வாறு அனுப்பியும் பார்த்தனர். திரும்பிச் சென்றவர்க்கு ஏக்கம் தீர்ந்ததா, தீரவில்லையெனின் மென்பொருளில் அடங்காத எதனை அவர்கள் இழந்திருந்தனர் என்பன மொழி ஆய்வாளர்க்கும் உரிய வினாக்களாகும். 'எவர்குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு அவை ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஆட்டமும் அதன் இடர்களும்

எவர்குவெஸ்ட் 1999 மார்ச் 16ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் இருந்த வெராண்ட் இன்டராக்டிவ் நிறுவனம் இதனை உருவாக்கியது. பிராட் மெக்குவைட், ஸ்டீவ் குளோவர், பில் டிராஸ்ட் ஆகியோர் வடிவமைப்பில் முதன்மையானவர்கள். மாதக் கட்டணம் ஏறத்தாழ 10 டாலர். அடுத்த சில ஆண்டுகளில் கட்டணம் செலுத்தி ஆடியோர் தொகை 4 இலட்சத்தைக் கடந்தது. அக்காலத்திற்கு இது பெருந்தொகையே.

ஆட்டம் நிகழும் கற்பனை உலகின் பெயர் நார்ரத். மனிதர், எல்ஃப், குள்ளர், ஓகர், டிரோல் முதலிய இனங்களுள் ஒன்றில் பிறந்து, வீரராகவோ மந்திரவாதியாகவோ மருத்துவ குருவாகவோ வளர்வது ஆட்டக்காரரின் வேலை. தொடக்க ஆண்டுகளில் திரையில் நிலப்படம் கிடையாது. மனித இனத்தைத் தேர்ந்தவருக்கு இரவில் விளக்கின்றிக் கண் தெரியாது. ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லக் கப்பல்துறையில் நின்று கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும். இறந்தால், உடைமைகள் யாவும் பிணத்தோடு இறந்த இடத்திலேயே கிடக்கும். ஆட்டக்காரர் வெறுங்கையராகத் தொலைவில் உயிர்த்தெழுந்து, அதே ஆபத்தின் ஊடே நடந்து சென்று தம் பிணத்தைத் தேடி எடுக்க வேண்டும். பிணம் அழுகி மறைவதற்குரிய காலக்கெடுவும் உண்டு. ஈட்டிய தேர்ச்சியில் ஒரு பங்கும் இறப்பால் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் தனியொருவராகத் தாங்குதல் அரிது. ஆகவே முன்பின் அறியாதவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டிய கட்டாயம் எழுந்தது. வழி கேட்டல், விளக்கு கேட்டல், பிணத்தை மீட்கத் துணை கேட்டல் என ஒவ்வோர் இடரும் ஓர் உரையாடலைப் பிறப்பித்தது. வடிவமைப்பாளர் இட்ட தடைகள் மொழி வழங்குவதற்குரிய சூழல்களாயின என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

காத்திருப்பில் வளர்ந்த வழக்கு

மந்திரம் ஓதுவோர் தம் ஆற்றலை மீளப்பெற அமர்ந்து மந்திர நூலைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அந்நூல் திரையின் காட்சிப் பகுதியை முற்றும் மறைத்துவிடும். உரையாடல் வரிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பேசுவதையன்றி அவருக்கு அப்பொழுது வேறு வேலை இல்லை. அரிய விலங்கொன்று மீண்டும் தோன்றும்வரை ஒரு குழு ஒரே இடத்தில் பல மணி நேரம் அமர்ந்திருப்பதும் வழக்கம். 'கேம்ப்' என்பது இதற்குரிய பெயர்.

இச்சூழலில் ஒரு குழூஉக்குறித் தொகுதி செழித்தது. எதிரி விலங்கைக் குறிக்கும் 'மாப்' என்னும் சொல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய எழுத்துவழி ஆட்டத்திலிருந்து வந்தது. நகர்வது எனப் பொருள்படும் 'மொபைல்' என்பதன் குறுக்கம் அது. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் படைத்த 'டிக்குமட்' வழியாக இத்தகைய சொற்களும் ஆட்டமுறைகளும் எவர்குவெஸ்டை வந்தடைந்தன. சாயல் மிகுந்திருந்தமையால், டிக்குமட்டின் மென்பொருள் வரிகள் எவையும் எடுத்தாளப்படவில்லை என எவர்குவெஸ்ட் வடிவமைப்பாளர் 2000ஆம் ஆண்டில் உறுதிமொழி ஆவணம் அளிக்க நேர்ந்தது.

எவர்குவெஸ்டின் இயல்பை நன்கு காட்டும் சொல் 'டிரெயின்' என்பதாகும். உயிருக்கு அஞ்சி ஓடுபவரைத் துரத்தும் விலங்குகள் இரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். ஓடுபவர் நிலப்பகுதியின் எல்லையைக் கடந்தால் தப்பிவிடுவார். ஆனால் எல்லையோரம் அமர்ந்திருப்போர்மீது அவ்விலங்குகள் பாயும். ஆகவே, எல்லையை நோக்கி 'டிரெயின்' வருகிறது என உரக்க அறிவித்துக்கொண்டே ஓடுவது நாகரிகமாகக் கருதப்பட்டது. அறிவிக்காமல் ஓடியவருக்குக் கெட்ட பெயர் கிட்டும். ஒரு வழங்கியில் ஆடுவோர் சில ஆயிரவரே ஆதலால் அப்பெயர் எளிதில் மறையாது. அடுத்த குழுவில் இடம் கிடைப்பது அரிதாகிவிடும். நற்பெயர், கெட்ட பெயர் என்பவற்றைக் கணக்கிடும் கருவி எதுவும் இதற்கென ஆட்டத்தில் இல்லை. ஊர்ப்பேச்சே அதனைச் செய்தது.

வணிகமும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆட்டக்காரர் தமக்குள் பொருள் விற்கத் தனிச் சந்தை எதனையும் வடிவமைப்பாளர் அமைக்கவில்லை. கிழக்குக் காமன்லாண்ட்ஸ் என்னும் பகுதியில் இருந்த சுரங்கப்பாதையை ஆட்டக்காரரே பல வழங்கிகளில் சந்தையாக்கிக்கொண்டனர். அங்கு நின்று பொருளின் பெயரைக் கூவி விற்றனர், விலை பேசினர், ஏமாந்தனர். விலை இன்னது என எங்கும் எழுதப்படவில்லை.

மொழி ஆய்வாளரின் கவனத்தை ஈர்க்கும் இன்னொரு கூறும் உண்டு. நார்ரத்தில் எல்ஃப் மொழி, குள்ளர் மொழி, ஓகர் மொழி என 20க்கும் மேற்பட்ட மொழிகள் அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரரின் தேர்ச்சி 100 வரை அளவிடப்பட்டது. தேர்ச்சி இல்லாதவருக்குப் பிறர் கூற்று சிதைந்த எழுத்துகளாகத் தெரியும், குழுவில் உடனிருந்து கேட்கக் கேட்கத் தேர்ச்சி ஏறும், எழுத்துகள் தெளியும். மொழி கேட்டுப் பழகுவதால் வருவது என்னும் கருத்து இதில் பொதிந்துள்ளது. எனினும் இம்மொழிகளுக்கு இலக்கணமும் இல்லை, சொற்களஞ்சியமும் இல்லை. எல்லாம் ஆங்கிலத்தின் எழுத்துமறைப்பே. ஆட்டக்காரர் ஒரே தொடரை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப உரைத்து மற்றவருக்குக் கற்பித்தனர். வடிவமைக்கப்பட்ட மொழிகள் இவ்வாறு பொருளற்ற ஓசையாய் நின்றன. உண்மையான வழக்கு மொழியோ யாரும் வடிவமைக்காத காத்திருப்பின் நடுவே உருவாயிற்று. கற்பித்தவரும் கற்றவரும் பின்னாளில் நண்பரானது அப்பயிற்சியின் எதிர்பாராத பயன்.

வசதி வந்தது

2001 டிசம்பரில் வெளியான விரிவாக்கத்தில் 'பஸார்' என்னும் சந்தை அமைக்கப்பட்டது. விற்பவர் தம் பாத்திரத்தை அங்கு நிறுத்தி விலையைக் குறித்துவிட்டு உறங்கச் செல்லலாம். வாங்குபவர் பட்டியலில் தேடி எடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. சுரங்கப்பாதை வெறிச்சோடியது. 2002 அக்டோபரில் வெளியான அடுத்த விரிவாக்கம், நகரங்களின் அருகே வைக்கப்பட்ட மந்திர நூல்களைத் தொட்ட அளவில் பயணத்தை முடித்துத் தந்தது. கப்பல்துறையில் காத்திருப்போர் குறைந்தனர். இவற்றை ஆட்டக்காரரே வேண்டினர் என்பதை மறைத்தல் முறையன்று. 2004 நவம்பரில் வெளியான 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' இறப்பின் இழப்பை மிகக் குறைத்தது; தனித்து ஆடவும் இடம் தந்தது. பெருங்கூட்டம் அங்குச் சென்றது.

மீட்டெழுப்புதல்

பழைய உலகை மீண்டும் காணும் வேட்கை விரைவிலேயே தலைதூக்கியது. உரிமை பெற்ற நிறுவனமே 2006இல், தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக முன்னேறும் தனி வழங்கிகளைத் திறந்தது. எனினும் இம்முயற்சிகளுள் ஆழமானது ஆர்வலர் 2009 அக்டோபரில் திறந்த 'புராஜெக்ட் 1999' என்பதே. 2015இல் உரிமையாளரான டேபிரேக் நிறுவனம் இவர்களோடு உடன்பாடு செய்துகொண்டு அதற்கு இசைவளித்தது.

இம்மீட்பு எளிய பணியன்று. ஆட்டக்காரரின் கணினியில் இயங்கிய பகுதி குறுவட்டுகளில் எஞ்சியிருந்தது. விலங்குகளின் இயல்பு, பொருள்கள் கிடைக்கும் விகிதம், தோன்றும் கால இடைவெளி ஆகியவற்றை ஆண்ட வழங்கி மென்பொருள் ஆட்டக்காரர் கைக்கு என்றும் வந்ததில்லை. ஆகவே பழைய திருத்தக் குறிப்புகள், அக்காலத்தில் எடுக்கப்பட்ட திரை நிழற்படங்கள், அச்சான வழிகாட்டி நூல்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு விவரமும் உய்த்துணரப்பட்டது. 'எனக்கு நினைவிருக்கிறது' என்னும் கூற்று போதிய சான்றாக ஏற்கப்படவில்லை. மூல ஏடு கிடைக்காத நூலை, உரைகளில் எஞ்சிய மேற்கோள்களைக் கொண்டு மீட்கும் பதிப்பாசிரியர் பணியோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஏக்கத்தால் தொடங்கிய பணி, ஏக்கம் கொண்டோரின் நினைவையே ஐயுற வேண்டியதாயிற்று.

கப்பல் மீண்டும் ஓடியது. பிணத்தைத் தேடி நடக்கும் துயரமும் திரும்பியது. பஸார் இல்லாமையால் சுரங்கப்பாதையில் மீண்டும் கூவி விற்றனர். ஆனால் 1999ஆம் ஆண்டின் அறியாமை மட்டும் திரும்பவில்லை. எந்த விலங்கு எங்கே, எப்பொழுது தோன்றும், எதை விட்டுச்செல்லும் என்பது முழுவதும் தொகுக்கப்பட்டுவிட்டது. பொருள்களின் விலையும் பதிவாகியுள்ளது. வழி அறிந்தவர் வழி கேட்பதில்லை.

இது எவர்குவெஸ்டிற்கு மட்டும் உரியதன்று. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தைக் கேட்டவருக்கு, வேண்டும் என்று எண்ணுகிறீர்கள், உண்மையில் வேண்டாதவர்கள் என்னும் கருத்துப்பட 2013இல் அந்நிறுவனத்தின் ஆலன் பிராக் மேடையில் விடையளித்தார். 2016 ஏப்ரலில் 'நாஸ்டால்ரியஸ்' என்னும் ஆர்வலர் வழங்கி சட்ட நெருக்கடியால் மூடப்பட்டபோது 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முறையீட்டில் ஒப்பமிட்டனர். 2019 ஆகஸ்டில் நிறுவனமே பழைய வடிவத்தை வெளியிட்டது. வேண்டாதவர்கள் என்னும் கணிப்பு பிழையென்பதை அங்குத் திரண்ட கூட்டம் காட்டியது. ஆனால் முதல் வெளியீட்டில் ராக்னராஸ் என்னும் நெருப்புத் தலைவனை வீழ்த்த ஏறத்தாழ 5 மாதங்கள் ஆயின. 2019இல் ஒரு வாரத்திற்குள் அவன் வீழ்ந்தான். மறுவெளியீடு 2006ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பைத் தழுவியதால் சற்று எளிதாயிற்று என்பது உண்மையே. அது ஒன்றே இவ்வளவு பெரிய வேறுபாட்டை விளக்கப் போதாது.

இவ்வேக்கம் வெறும் இளமை நினைவே என்பாரும் உளர். இளமையும் ஒரு காரணமே. ஆனால் இளமை மட்டுமே காரணமாயின் வெற்றிகளும் பரிசுகளும் முன்னே நின்றிருக்க வேண்டும். முன்னாள் ஆட்டக்காரர் விரும்பி விரித்துரைப்பவையோ இருட்டில் வழி தவறியதும், முகமறியாத ஒருவர் வந்து பிணத்தை மீட்டுத் தந்ததுமே. அதே வேளையில் அந்நினைவு விட்டுவிடுவனவும் உள. போதைப்பொருளோடு இணைத்து இவ்வாட்டத்தை 'எவர்கிராக்' எனப் பெயரிட்டு வழங்கினர். ஆட்டத்தில் மூழ்கியோரின் துணைவியர் தம்மைக் கைம்பெண்டிர் எனக் குறிப்பிட்டு ஒன்றுகூடியதும் உண்டு. காத்திருப்பு உறவை வளர்த்தது என்று கூறுவோர், அக்காத்திருப்பின்போது வீட்டில் காத்திருந்தவரையும் எண்ணுதல் தகும்.

சுவெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் இவ்வேக்கத்தை இரண்டாகப் பகுத்தார்: இழந்ததை மீளக் கட்ட முனைவது ஒன்று, இழப்பிலேயே தங்கி எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. எவர்குவெஸ்டின் வடிவமைப்பாளருள் ஒருவரான மெக்குவைட்டின் பிற்காலப் பணி இவ்விரண்டிலும் அடங்காதது. அவர் பழைய உலகை மீளக் கட்டவில்லை. யாரும் அறியாத புதிய உலகொன்றில், ஒருவரை ஒருவர் சார்ந்தே ஆட வேண்டிய பழைய நிலையை மீண்டும் உண்டாக்க முனைந்து, 'பாந்தியன்' என்னும் ஆட்டத்தை 2014இல் அறிவித்தார். 2019 நவம்பரில் அவர் காலமானார். அவ்வாட்டம் 2024 டிசம்பரில் முன்னோட்ட நிலையில் திறக்கப்பட்டது. முதன்முதல் உள்ளே சென்றவருள் பலருக்கு வழி தெரிந்திருக்கவில்லை. கேட்டுக் கேட்டே நடந்தனர்.