இழுக்காத வலிப்பும் இருக்கிறது



சொல்லிலிருந்தே தொடங்குவோம். துடுப்பு வலிப்பது என்கிறோம் இல்லையா? அங்கே 'வலி' என்பதற்கு இழு என்று பொருள். 'வலிப்பு' அதிலிருந்து வந்த தொழிற்பெயர். வீட்டில் நாம் சொல்லும் 'இழுப்பு' என்பதும் அதே பொருள்தான். இதனால் ஒரு சிக்கல். கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று மனத்தில் பதிந்துவிட்டது.

சொல்வதெழுதுதல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பாதி வாக்கியத்தில் நிற்கிறது. பத்து விநாடி வெறித்த பார்வை, இமை லேசாகத் துடிக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுதும். நடுவில் ஒரு வரியைக் காணோம். "எங்கே பராக்குப் பார்க்கிறாய்?" என்று கேட்டால் முழிக்கும், திட்டும் வாங்கும். இது ஆப்சென்ஸ் வகை வலிப்பாக இருக்கலாம். ஒரு நாளில் பல முறைகூட வரும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். குழுக் கலந்துரையாடல் நடக்கும் வகுப்பைப் போல, ஒவ்வொரு குழுவும் தன் பேச்சைப் பேசிக்கொண்டே மற்றதோடும் தொடர்பில் இருக்கும். சத்தம்தான், ஆனால் வேலை நடக்கும். ஆப்சென்ஸ் வலிப்பில், மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் மேற்பரப்பான புறணியும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, எல்லாரும் சேர்ந்து ஒரே சொல்லைக் கத்துவதுபோல. அப்போது யார் சொல்வதும் யாருக்கும் எட்டாது. இணைப்பு அறுந்ததால் அல்ல, அளவுக்கு மீறி ஒன்றுபட்டதால் நினைவு தப்புகிறது! ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அந்த வழியில், 1935இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இந்தத் தாளத்தை விவரித்தார்கள்.

பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பு வேறு மாதிரி. அங்கே நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. வலிப்பு வராத நேரத்தில் ஸ்கேன் எடுத்தாலும், அதற்கும் தூரத்துப் பகுதிகளுக்கும் உள்ள தொடர்பு பலரிடம் தளர்ந்திருப்பதைக் காண்கிறார்கள். சொல் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. பழமொழி ஒப்புவிக்கத் தடுமாறும் மாணவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன் இதை நினைத்துப் பாருங்கள். இவை பலரிடம் எடுத்த சராசரிகள். ஒரு மாணவரின் அறிவை அளக்கும் கோல் அல்ல.

ஆசிரியர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். பகற்கனவு என்றால் பெரும்பாலும் கலையும். கலையாவிட்டால் நேரத்தைக் குறித்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். கைகால் இழுக்கும் வலிப்பு என்றால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

கட்டுரை எழுதும் மாணவர்களே, 'காக்கா வலிப்பு' வேண்டாம், 'வலிப்பு நோய்' என்றே எழுதுங்கள். உங்களுக்கே இந்நோய் இருந்தால், தேர்வு வாரியத்திடம் என்ன ஏற்பாடு கேட்கலாம் என்று பள்ளியில் இப்போதே விசாரியுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு எளிதில் தூண்டப்படும். எஸ்.பி.எம். நேரத்தில் விடிய விடியப் படிப்பது உங்களுக்கு ஆகாது, மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.