இறந்தவர் மனையை விற்றால் என்னென்ன வழக்கு வரும், தெரியுமா?

ராயபுரத்தில் ஒரு கிரவுண்டு, எண்ணூரில் அரை கிரவுண்டு... உரிமையாளர் கண்ணை மூடிய அந்த நொடியே அந்த மண்ணுக்குப் பல சொந்தக்காரர்கள்! ஒருவரை விட்டுவிட்டுப் பத்திரம் போட்டாலும் கோர்ட் படி ஏற வேண்டியதுதான்!

மகன் உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்குப் பங்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை, தெரியுமா? 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சம்பாதித்து வாங்கிய மனை மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு சம பங்காகும். மாமியாரைக் கேட்காமல் மற்றவர்கள் விற்றால் முக்கால் மனைதான் கைமாறும்! அந்த அம்மாவும் உயில் எழுதாமல் போய்விட்டாரா? அவருடைய கால் பங்கைக் கேட்டு நாத்தனார், கொழுந்தனார் எல்லோரும் வருவார்கள். பங்கே இல்லாத அப்பாவும் இப்போது தன் மனைவியின் வாரிசாக உள்ளே நுழைவார்!

மைனர் பிள்ளையின் பங்கை விற்க, பெற்ற தாய்க்கே நீதிமன்ற அனுமதி வேண்டும், தெரியுமா? வாங்காமல் விற்றால், 18 வயதான பிள்ளை மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இரண்டு வயதில் விற்ற மனை 21 வயதில் திரும்பி வரும்!

பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் இறந்துவிடும், தெரியுமா? ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால்தான் விதிவிலக்கு. அதனால்தான் பவர் ஏஜெண்ட் விற்க வரும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைத் தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் கேட்கிறார். வெறும் பவரை வைத்து மனைக்கு உரிமையாளராக முடியாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது!

ராயபுரத்து வீட்டுக்கு இந்து எழுதிய உயிலைக் கோர்ட்டில் நிலைநாட்டப் பல்லாண்டுகள் புரோபேட், அதாவது உயில் மெய்யானது என்ற நீதிமன்றச் சான்று, கட்டாயமாக இருந்தது. கிறிஸ்தவருக்கு அந்தக் கட்டாயம் 2002-ல் நீங்கியது. முஸ்லிமுக்கோ 1925-ம் ஆண்டுச் சட்டத்திலேயே கிடையாது. ஒரே தெரு, மூன்று வீடு, மூன்று கதை!

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த 2005-ம் ஆண்டுத் திருத்தம் நாடறிந்தது. தமிழ்நாடு 1989-லேயே, அன்று திருமணமாகாத மகள்களுக்கு அதைத் தந்துவிட்டது, தெரியுமா? 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனையோ 2005 திருத்தத்திலிருந்து தப்பியது!

வில்லங்கச் சான்றில் சாவு தெரியாது, தெரியுமா? இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் பதிவாகாமலே செல்லும். அதுவும் அதில் தெரியாது! வாரிசுச் சான்றும் இறுதியல்ல. யார் வாரிசு என்ற சண்டையைத் தீர்ப்பது சிவில் கோர்ட்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்கள்: இறந்தவரின் அம்மா எங்கே, மகள்கள் எங்கே, மைனர் யார்?