டிபேஸ் வகைத் தரவுத்தளப் பயன்பாடுகளின் பராமரிப்பும் இடமாற்றமும்

டிபேஸ் வகைத் தரவுத்தளப் பயன்பாடுகள் என்பன டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ஆகிய மென்பொருள்களைக் கொண்டு, பெரும்பாலும் 1980களிலும் 1990களிலும் எழுதப்பட்ட அலுவல் மென்பொருள்கள் ஆகும். சம்பளப் பட்டியல், கணக்கு, சரக்கிருப்பு, உறுப்பினர் பதிவேடு, நூலகப் பட்டியல் போன்றவற்றுக்கு இவை பயன்பட்டன. இவற்றிற் சில இன்றும் இயங்கி வருகின்றன. இத்தகைய மென்பொருளைத் தொடர்ந்து இயங்கும் நிலையில் வைத்திருத்தல் பராமரிப்பு எனப்படும். அதிலுள்ள தரவுகளையும் அதன் செயற்பாடுகளையும் புதியதொரு தரவுத்தள முறைமைக்குக் கொண்டு செல்லுதல் இடமாற்றம் எனப்படும்.

இடமாற்றம் என்பது கோப்புகளைப் படியெடுக்கும் வேலை எனப் பலர் எண்ணுவதுண்டு. டிபேஸ் வகைக் கோப்பின் அமைப்பு எளிமையானது. அதைப் படிக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. கடினமானது அத்தரவின் பொருளை அறிவதாகும். ஒரு புலத்தில் உள்ள வெற்றிடமோ ஒற்றை எழுத்தோ எதைக் குறிக்கின்றது என்பது கோப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. அது நிரலிலும், அந்நிரலைப் பயன்படுத்துவோரின் வழக்கத்திலும் உள்ளது.

வரலாறு

அமெரிக்காவின் ஜெட் உந்துகை ஆய்வகத்தில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப் 1970களின் பிற்பகுதியில் வல்கன் என்னும் தரவுத்தள நிரலை எழுதினார். பின்னர் ஆஷ்டன்-டேட் நிறுவனம் இதனை டிபேஸ் 2 என்ற பெயரில் விற்பனை செய்தது. டிபேஸ் 1 என்று ஒரு பதிப்பு வெளிவந்ததில்லை. 1984இல் ஐபிஎம் தனிக்கணினிகளுக்காக வெளியான டிபேஸ் 3 பரவலான வரவேற்பைப் பெற்றது.

டிபேஸ் மொழியைப் பின்பற்றி வேறு மென்பொருள்களும் தோன்றின. நான்டக்கெட் நிறுவனத்தின் கிளிப்பர் 1985இல் வெளியானது. இது டிபேஸ் நிரலைத் தனித்து இயங்கும் கோப்பாக மாற்றித் தந்தது. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 1989இல் ஃபாக்ஸ்புரோவை வெளியிட்டது. 1991இல் ஆஷ்டன்-டேட் நிறுவனத்தை போர்லாந்து வாங்கியது. 1992இல் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், நான்டக்கெட்டைக் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனமும் வாங்கின. விசுவல் ஃபாக்ஸ்புரோவின் இறுதிப் பதிப்பான 9 ஆம் பதிப்பு 2004இல் வெளியானது. அடுத்த பதிப்பு வராது என மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்தது. அதற்கான ஆதரவு 2015 சனவரியில் முடிவுற்றது.

இவ்வகை மென்பொருள்கள் பரவியதற்கு அவற்றின் எளிமை முக்கிய காரணமாகும். நிரலாக்கத்தை முறையாகக் கல்லாத கணக்கர்களும் எழுத்தர்களும் கூடத் தங்கள் அலுவலகத்துக்குத் தேவையானதைத் தாமே எழுதிக்கொள்ள முடிந்தது. முழு மென்பொருளையும் தரவுகளுடன் சில நெகிழ்வட்டுகளில் எடுத்துச் செல்லவும் முடிந்தது. அதே எளிமையின் விளைவாக, ஆவணங்கள் இன்றி, ஒருவர் மட்டுமே அறிந்த மென்பொருள்கள் பல உருவாயின.

கோப்பின் அமைப்பு

டிபேஸ் வகை அட்டவணை ஒவ்வொன்றும் டிபிஎஃப் எனும் பின்னொட்டுக் கொண்ட ஒரு கோப்பாகும். கோப்பின் தொடக்கத்தில் 32 பைட்டு நீளமுள்ள தலைப்பகுதி உண்டு. இறுதியாக மாற்றப்பட்ட நாள், பதிவுகளின் எண்ணிக்கை, ஒரு பதிவின் நீளம் ஆகியவை இதில் இருக்கும். அடுத்து, ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட்டு அளவில் விவரம் தரப்பட்டிருக்கும். அதன் பின் பதிவுகள் ஒரே நீளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமையும்.

புலத்தின் பெயர் 10 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. இதனால் நிரலாளர்கள் பெயர்களைச் சுருக்கினர். ஒரே அட்டவணையில் "தொகை1", "தொகை2", "தொகை3" என்ற பொருளில் அமைந்த புலங்களைக் காணலாம். எது அடிப்படைச் சம்பளம், எது பிடித்தம் என்பதை நிரலைப் படித்தே அறிய வேண்டும்.

நீண்ட குறிப்புகள் முதன்மைக் கோப்பில் இருப்பதில்லை. அவை மெமோ எனப்படும் தனிக் கோப்பில் இருக்கும். முதன்மைக் கோப்பில் அவற்றின் இட எண் மட்டுமே இருக்கும். மெமோ கோப்பை விட்டுவிட்டு டிபிஎஃப் கோப்பை மட்டும் படியெடுத்தால் குறிப்புகள் யாவும் இழக்கப்படும்.

பராமரிப்பில் எழும் சிக்கல்கள்

இயங்குதளம்: டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோசில் நேரடியாக இயங்கமாட்டா. 32 பிட் விண்டோஸ் 10 வரை இவற்றை இயக்க வழி இருந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது. விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே வருகின்றது. எனவே டாஸ்பாக்ஸ் போன்ற போன்மிகளோ மெய்நிகர் கணினிகளோ தேவைப்படுகின்றன. விசுவல் ஃபாக்ஸ்புரோ 32 பிட் மென்பொருளாதலால் அதற்கு இச்சிக்கல் இல்லை.

கணினியின் வேகம்: பழைய ஃபாக்ஸ்புரோ 2 வரிசைப் பதிப்புகள், வேகமான செயலிகளில் தொடங்கும்போதே "பூச்சியத்தால் வகுத்தல்" என்னும் பிழையைக் காட்டி நின்றுவிடுவதுண்டு. கணினியின் வேகத்தை அளக்கும் கணக்கில் கழிந்த நேரம் பூச்சியமாகிவிடுவதே இதன் காரணம். நிரலில் மாற்றம் எதுவும் செய்யாமல், புதிய கணினி வாங்கியதனாலேயே மென்பொருள் பழுதாகும் நிலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சுட்டுக் கோப்புகள்: தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் எனப்படும் சுட்டுக் கோப்புகள், மின்தடை அல்லது பிணையத் தடை ஏற்படும்போது அட்டவணையுடன் பொருந்தாமற் போகலாம். அப்போது இருக்கும் பதிவையே மென்பொருள் "இல்லை" எனக் காட்டும். தரவு அழிந்துவிட்டது எனக் கருதி அதனை மறுபடியும் உள்ளிட்டால் ஒரே ஆளுக்கு இரு பதிவுகள் உண்டாகும். சுட்டுக் கோப்புகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீளக் கட்டுவது இதற்கான வழக்கமான தீர்வாகும்.

அச்சிடல்: பழைய நிரல்கள் இணைநிலைத் துறை வழியாகப் புள்ளி அச்சுப்பொறிக்கு நேரடியாகக் கட்டளைக் குறிகளை அனுப்பின. அத்துறை இல்லாத இன்றைய கணினிகளில் அக்கட்டளைகளை இடைமறித்து மாற்றித் தரும் ஏற்பாடு தேவை.

மூலநிரல் இழப்பு: இயங்கும் கோப்பு மட்டும் எஞ்சி, மூலநிரல் காணாமற் போவது பொதுவாக நிகழ்வதாகும். ஃபாக்ஸ்புரோ கோப்புகளிலிருந்து மூலநிரலை மீட்க ரீஃபாக்ஸ் போன்ற கருவிகள் உள்ளன. எனினும், நிரலாளர் எழுதிய விளக்கக் குறிப்புகள் இவ்வாறு மீள்வதில்லை.

தரவில் மறைந்துள்ள பொருள்

இடமாற்றத்தில் மிகுதியான பிழைகள் தோன்றும் இடம் இதுவாகும். அவற்றுட் சில பின்வருமாறு:

வெற்று நாள்: டிபிஎஃப் கோப்பில் நாள் 8 எழுத்துகளாகப் பதியப்படும். நாள் தெரியாதபோது அவ்விடத்தில் 8 இடைவெளிகள் இருக்கும். இதனை வெற்று உரையாக மைக்ரோசாஃப்ட் எசுக்யூஎல் செர்வரின் நாள் புலத்தில் இட்டால், அது எவ்விதப் பிழையும் காட்டாமல் 1900 சனவரி 1 என ஏற்றுக்கொள்ளும். பிறந்த நாள் தெரியாத ஊழியர் ஒருவர் இவ்வாறு நூறு வயதைக் கடந்தவராகி, ஓய்வு பெற்றோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

நீக்கப்பட்ட பதிவுகள்: டிபேஸ் மொழியில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. பதிவின் முதற் பைட்டில் ஒரு விண்மீன் குறி மட்டும் இடப்படும். "பேக்" என்னும் கட்டளை தரப்படும் வரை அப்பதிவு கோப்பிலேயே இருக்கும். சில நிரல்கள் இவற்றை மறைத்தும், சில இவற்றையும் கூட்டியும் கணக்கிட்டிருக்கலாம். இடமாற்றும் கருவி இக்குறியைக் கவனிக்காவிடின், விலகிய உறுப்பினர்கள் யாவரும் மீண்டும் உயிர் பெறுவர்.

பதிவு எண்: கோப்பில் ஒரு பதிவு எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதையே சில நிரலாளர்கள் அடையாள எண்ணாகக் கொண்டனர். "பேக்" கட்டளைக்குப் பின் இவ்வெண்கள் மாறும். அதனால் பிற அட்டவணைகளில் உள்ள தொடர்புகள் வேறொருவரைச் சுட்டத் தொடங்கும்.

உரை ஒப்பீடு: ஃபாக்ஸ்புரோவின் இயல்பான அமைப்பில், சமக்குறியின் வலப்புறம் உள்ள உரையின் நீளம் வரை மட்டுமே ஒப்பிடப்படும். "மணிமேகலை" என்பதை "மணி" என்பதுடன் ஒப்பிட்டால் சமம் என்றே விடை வரும். பெயரின் முதற்பகுதியை மட்டும் தட்டித் தேடும் வழக்கம் இதனால் உண்டானது. புதிய முறைமையில் அதே தேடல் எதையும் தராது.

இரண்டிலக்க ஆண்டு: கோப்பில் ஆண்டு நான்கு இலக்கங்களில் பதியப்பட்டாலும், திரையில் இரண்டு இலக்கங்களே உள்ளிடப்பட்ட காலம் உண்டு. 2002ஐக் குறிக்க "02" என இட்டபோது, திருத்தப்படாத நிரல்கள் அதனை 1902 எனப் பதிந்தன.

விண்மீன் குறிகள்: எண் புலத்தின் அகலம் போதாதபோது எண்ணுக்குப் பதிலாக விண்மீன் குறிகள் பதியப்படலாம். இவ்வாறு இழந்த எண்ணைக் கோப்பிலிருந்து மீட்க இயலாது. காகிதப் பதிவேடு இருந்தால் மட்டுமே அதனை அறியலாம்.

தமிழ்த் தரவுகள்

தமிழில் உள்ளிடப்பட்ட தரவுகளுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் பாமினி, திஸ்கி, தாம், தாப் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. தாம், தாப் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்தியது. எந்தக் குறியேற்றம் பயன்பட்டது என்பதை டிபிஎஃப் கோப்பு கூறுவதில்லை. ஒரே அட்டவணையில் ஒரு புலம் ஆங்கிலத்திலும் மற்றொன்று பாமினியிலும் இருக்கலாம்.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே அமைந்துள்ளன. சிறிய "எம்" அகரத்தையும் பெரிய "எம்" ஆகாரத்தையும் குறிக்கும். உள்ளிட்ட பெயர்களையெல்லாம் பெரிய எழுத்தாக மாற்றும் கட்டளை டிபேஸ் நிரல்களில் மிகவும் வழக்கமானது. அக்கட்டளை பாமினிப் பெயர் ஒன்றின் மீது செயற்பட்டால் "அருண்" என்பதன் முதலெழுத்து "ஆ" ஆகிவிடும். பின்வரும் எழுத்துகளும் சிதையும்.

பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதியப்பட்டன. "கொ" என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகும். ஒருங்குறியில் ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி பின்னர் வரும். எனவே குறிக்குக் குறி மாற்றினால் மட்டும் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். மேலும், யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். 30 பைட்டு அளவிலான பெயர்ப் புலத்தை அதே அளவில் புதிய முறைமைக்குக் கொண்டு சென்றால் நீண்ட பெயர்கள் இடையில் வெட்டுப்படலாம்.

அகரவரிசையும் கவனத்துக்குரியது. ஒருங்குறிக் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. ஆகவே பெயர்ப் பட்டியலைச் சரியாக அடுக்கத் தமிழுக்கான வரிசைப்படுத்தல் விதிகளைப் பயன்படுத்த வேண்டும்.

இடமாற்ற முறைகள்

இடமாற்றத்தை மூன்று வகையாகச் செய்வர்.

1. ஒரே முறையில் மாற்றுதல்: குறித்த நாளில் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குதல். சிறிய பயன்பாடுகளுக்கு இது பொருந்தும்.
2. படிப்படியாக மாற்றுதல்: ஒவ்வொரு பகுதியாக மாற்றி, அதுவரை இரண்டு முறைமைகளுக்கும் இடையே தரவைப் பரிமாறும் இணைப்பொன்றை வைத்திருத்தல். மைக்கேல் புரோடி, மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆகியோர் மரபு முறைமைகளின் இடமாற்றம் பற்றி 1995இல் வெளியிட்ட நூலில் இம்முறையைப் பரிந்துரைத்தனர்.
3. மொழியைத் தக்கவைத்தல்: நிரலைப் பெரிதும் மாற்றாமல் புதிய தொகுப்பியால் தொகுத்தல். 1999இல் தொடங்கப்பட்ட ஹார்பர் என்னும் கட்டற்ற தொகுப்பி கிளிப்பர் நிரல்களை இன்றைய இயங்குதளங்களில் இயக்க உதவுகின்றது.

ஒரே முறையில் மாற்றுவதன் இடர் பெரிய நிறுவனங்களிலும் காணப்பட்டது. டிபேஸ் வகையைச் சாராத ஒரு நிகழ்வு இதற்குச் சான்றாகும். 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 50 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய முறைமைக்கு மாற்றியது. தரவுகள் சரியாகவே சென்று சேர்ந்தன. ஆனால் முறைமை உடனே பழுதுபட்டது. நிலைமை முழுமையாகச் சீராக அவ்வாண்டு டிசம்பர் வரை ஆனது. இதற்காக 2022இல் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

சரிபார்த்தல்

பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருப்பது மட்டும் இடமாற்றம் வெற்றி பெற்றதற்குச் சான்றாகாது. பொதுவாகப் பின்வருவன சரிபார்க்கப்படும்:

* தொகைப் புலங்கள் ஒவ்வொன்றின் கூட்டுத்தொகை.
* ஒவ்வொரு புலத்திலும் உள்ள வெற்றிடங்களின் எண்ணிக்கை, மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு. 1900 சனவரி 1 போன்ற பிழைகள் இங்கு வெளிப்படும்.
* ஒற்றை எழுத்துக் குறிகளின் பட்டியல். ஒவ்வொன்றின் பொருளையும் பயன்படுத்துவோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும்.
* முன்னர் அச்சிட்ட அறிக்கைகளைப் புதிய முறைமையில் மீண்டும் உருவாக்கி வரிக்கு வரி ஒப்பிடுதல்.
* சம்பளம் போன்றவற்றை ஓரிரு மாதங்கள் இரண்டு முறைமைகளிலும் கணக்கிட்டுப் பார்த்தல்.

வேறுபாடு காணப்படும்போது புதிய முறைமையே தவறு எனக் கொள்ள முடியாது. பல ஆண்டுகளாகப் பழைய நிரலில் இருந்த பிழை அப்போதே வெளிப்படுவதும் உண்டு. அதனைத் திருத்துவதா, முன்போலவே விடுவதா என்பதை நிரலாளர் தனித்து முடிவு செய்யலாகாது. அத்தொகையைப் பெற்றவரும் செலுத்தியவரும் அதனாற் பாதிக்கப்படுவர்.

பணி முடிந்த பின்னரும் மூல டிபிஎஃப், மெமோ கோப்புகளையும் இயங்கும் நிரலையும் மாற்ற முடியாத படியாகப் பாதுகாத்தல் வேண்டும். மாற்றத்தின்போது கவனிக்கப்படாத ஒரு குறியின் பொருள் பின்னாளில் தேவைப்படும்போது, அதனை அறிய வேறு வழி இராது. பழைய நிரலை அறிந்தவர் ஓய்வு பெறுவதற்கு முன் அவரிடம் கேட்டு எழுதிய குறிப்பும் இவற்றோடு சேர்த்து வைக்கத் தக்கது.

இவற்றையும் பார்க்க

* தரவுத்தளம்
* மென்பொருள் பராமரிப்பு
* ஒருங்குறி
* தமிழ்க் குறியேற்றங்கள்