தேதி சொன்ன நீராவிப் படகுகள்

தேதியில்லாத காசோலையை வங்கி ஏற்பதில்லை. பேரேட்டில் பதியப்படாத வரவு கணக்கில் சேர்வதில்லை. இப்பழக்கத்திலேயே ஊறிப்போன எங்களைப் போன்றோருக்கு, தேதி குறிக்கப்படாத ஒரு பழைய ஒளிப்படம் தன் நாளைத் தானே தெரிவித்த வரலாறு பெரும் வியப்பை அளித்தது. அதனை இவ்விதழின் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒஹையோ ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள நகரம் சின்சினாட்டி. சார்லஸ் ஃபான்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்னும் இரு ஒளிப்படக் கலைஞர்கள் 1848-இல் தென்கரையிலுள்ள நியூபோர்ட் நகருக்குச் சென்றனர். அங்கு ஒரு கட்டடத்தின் மேலிருந்து, எதிர்க்கரையின் காட்சியை அடுத்தடுத்து எட்டுத் தகடுகளில் பதிவு செய்தனர். ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள ஆற்றங்கரை அவற்றுள் அடங்கியது.

அவை வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகடுகள். அயோடின் ஆவியால் ஒளியுணரும் தன்மை பெற்று, பாதரச ஆவியால் உருவம் தெளிபவை. டாகுரோடைப் எனப்படும் இம்முறையில் நெகடிவ் கிடையாது. ஒவ்வொரு தகடும் ஒரே மூலம், ஒரே பிரதி. அது அழிந்தால் மீண்டும் பெற வழியில்லை.

இப்படம் எடுக்கப்பட்ட நாள் நீண்ட காலம் உறுதியாகத் தெரியவில்லை. கரையோரம் வரிசையாக நின்ற நீராவிப் படகுகளே இறுதியில் சாட்சி கூறின. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வாளர்கள் அப்படகுகளை இனங்கண்டு, எது என்று வந்தது, எது என்று புறப்பட்டது என்பதைப் பழைய படகுப் பதிவேடுகளோடும் செய்தித்தாள்களோடும் ஒப்பிட்டனர். அத்தனை படகுகளும் ஒருசேரத் துறையில் நின்ற நாள் 1848 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை எனத் தெளிவாயிற்று. பின்னர் இந்நூற்றாண்டில் நுண்ணோக்கியால் தகடுகளை ஆராய்ந்தபோது, தகட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவே இருந்த கோபுரக் கடிகாரத்தின் முட்களும் புலப்பட்டன. நேரம் பிற்பகல் 1.55!

அத்தனை படகுகள் அங்குத் திரண்டிருக்கக் காரணம் வணிகமே. பன்றி இறைச்சி பதப்படுத்தும் தொழிலில் சின்சினாட்டி அந்நாளில் முதன்மை பெற்றிருந்தது. எஞ்சிய கொழுப்பு சோப்பும் மெழுகுவத்தியுமாக மாறியது. 1837-இல் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் இங்குத் தோன்றியதும் அத்தொழிலைக் கொண்டே. 1840-இல் 46,338-ஆக இருந்த மக்கள்தொகை, 1850-இல் 1,15,435-ஆகப் பெருகியது.

ஆயினும் படத்தில் காணும் வளம் முழுக் கணக்கன்று. படமெடுத்தோர் நின்ற கெண்டக்கி மாநிலத்தில் மனிதரை உடைமையாக வைத்திருப்பதைச் சட்டம் அனுமதித்தது. எதிரே தெரிந்த ஒஹையோ மாநிலத்தில் அடிமை முறை இல்லை. தப்பியோடிய அடிமைகளுக்கு இந்த ஆற்றைக் கடப்பதே விடுதலையின் முதற்படி. கடந்த பின்னரும் பிடித்துச் செல்லப்படும் அச்சம் நீங்கவில்லை. தகட்டில் அமைதியாகப் பளபளக்கும் அந்த நீர்ப்பரப்பு, எத்தனையோ பேருக்கு வாழ்வையும் சிறையையும் பிரித்த கோடு. எடுத்த இடம் எதுவெனத் தெரிந்த பின்னரே படம் இதனை நமக்கு உணர்த்துகிறது.

படத்தில் ஆற்றின் குறுக்கே பாலம் ஏதும் இல்லை. நகரையும் கெண்டக்கியின் கவிங்டனையும் இணைத்த, ஜான் ரோப்ளிங் வடிவமைத்த தொங்குபாலம் 1866 டிசம்பரில்தான் மக்கள் நடமாட்டத்துக்குத் திறக்கப்பட்டது. அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. 1937 ஜனவரியில் வெள்ளம் ஏறத்தாழ 80 அடி உயர்ந்து நகரை மூழ்கடித்தது. அவ்வெள்ளத்தின் படங்களை 1848-ஆம் ஆண்டுப் படத்தின் அருகே வைத்து நோக்கினால், நகரை வளர்த்த ஆறே அதனை வருத்தியதும் விளங்கும்.

அந்த எட்டுத் தகடுகளும் இன்று சின்சினாட்டி பொது நூலகத்தின் பாதுகாப்பில் உள்ளன. படகுப் பதிவேடுகளைப் பேணி வைத்தவர்கள், பின்னாளில் ஒரு ஒளிப்படத்துக்கு அவை பொருள் தரும் என எண்ணியிருக்கமாட்டார்கள். அன்றாடக் கடமையாக எழுதிய வரிகளே வரலாற்றுக்குக் கண் கொடுத்தன.

நம் இல்லங்களிலும் பெயரறியாத முகங்களைத் தாங்கிய பழைய படங்கள் உறங்குகின்றன. அவர்கள் யாரென்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உடனிருக்கும்போதே, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைப்போம். நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சேமிப்பில் அந்த ஒரு வரியும் சேரட்டும்.