வன்பொருள் சாராச் சாதன இயக்கிகள்: நெட்பிஎஸ்டி கருவக வடிவமைப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே சாதனம் பல வகைக் கணினிகளில் பொருத்தப்படும்போது, அதற்கான இயக்கி நிரலை ஒருமுறை எழுதினால் போதுமா என்னும் வினாவை நெட்பிஎஸ்டி இயங்குதளத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வேறுபாடுகளை இனங்கண்டு உரிய இடத்தில் வைப்பதே வன்பொருள் சாராமை என்பதும், இடைமுக ஒழுங்கைத் தவறாது பின்பற்றுவதே அதனைக் காக்கும் என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், கருவகம், சாதன இயக்கி, பாட்டை, நேரடி நினைவக அணுகல்.

முன்னுரை

இயங்குதளத்தின் மையப்பகுதி கெர்னல் எனப்படும் கருவகம். வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களைக் கையாளும் அதன் உறுப்பே சாதன இயக்கி. 1993இல் தொடங்கப்பட்ட நெட்பிஎஸ்டி, இன்டெல் வகைக் கணினிகள், ஸ்பார்க், ஆல்ஃபா, அமிகா எனப் பல கட்டமைப்புகளில் இயங்கும் திறந்தமூல இயங்குதளம். ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனி இயக்கிகளை எழுதினால், ஒரு படியில் திருத்தப்பட்ட பிழை மற்றப் படிகளில் எஞ்சிவிடும். இச்சிக்கலே வன்பொருள் சாரா வடிவமைப்பின் தேவையை உணர்த்துகிறது.

மையமும் இணைப்பும்

ஏஎம்டி நிறுவனத்தின் லேன்ஸ் என்னும் ஈதர்நெட் சில்லு இதற்குத் தக்க சான்று. தனியாள் கணினியில் அது ஐஎஸ்ஏ பாட்டையிலும், ஸ்பார்க் கணினியில் எஸ்பஸ் பாட்டையிலும் அமைகிறது. சில்லின் நடத்தை ஒன்றே. அதனை அடையும் வழியே வேறு. எனவே நெட்பிஎஸ்டி இயக்கியை இரண்டாகப் பகுக்கிறது. சில்லின் நடத்தையை அறிந்தது மையப்பகுதி. பாட்டையை அறிந்தது இணைப்புப்பகுதி. சாதனம் தனக்குரியதா எனச் சோதிப்பதும், ஆமெனில் அதனைக் கருவகத்தோடு இணைப்பதும் இணைப்புப்பகுதியின் பணிகள்.

பதிவகத்தைப் படித்தல், எழுதுதல், இடையகத்துக்குத் தரவைப் படியெடுத்தல் ஆகியவற்றுக்கான செயற்கூறுகளையும் இணைப்புப்பகுதியே வழங்குகிறது. சில டெக்ஸ்டேஷன் கணினிகளில் இச்சில்லின் இடையகத்தில் இரண்டு பைட்டுத் தரவுக்குப் பின் இரண்டு பைட்டு வெற்றிடம் வரும். அவ்விடைவெளியைப் படியெடுக்கும் செயற்கூறு கவனித்துக்கொள்கிறது. மையப்பகுதிக்கு அது தெரியவேண்டியதில்லை.

பாட்டை வெளி

இன்டெல் வகைச் செயலிகளில் சாதனப் பதிவகங்களை அடையத் தனிக் கட்டளைகள் உண்டு. வேறு பல செயலிகளில் அவை நினைவக முகவரிகளாகவே தோன்றும். பஸ் ஸ்பேஸ் எனப்படும் இடைமுகம் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. இயக்கி, பாட்டையைக் குறிக்கும் அடையாளம், பதிவகத் தொகுதியைக் குறிக்கும் கைப்பிடி, தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு ஆகிய மூன்றையும் தந்து, இத்தனை பைட்டு படிக்க வேண்டும் என்று கேட்கிறது. எக்கட்டளையால் படிப்பது, பைட்டு வரிசையை மாற்றுவதா என்பன கட்டமைப்பு சார்ந்த பகுதியின் பொறுப்பு.

நேரடி நினைவக அணுகல்

செயலியின் துணையின்றிச் சாதனமே நினைவகத்தைப் படிக்கும்போது சிக்கல் ஆழமாகிறது. ஐஎஸ்ஏ பாட்டையின் முகவரி 24 பிட்டு ஆதலின், சாதனம் 16 மெகாபைட்டுக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் உள்ள தரவை எட்டும் இடத்திற்குப் படியெடுத்துத் தரவேண்டும். ஸ்பார்க் கணினிகள் பலவற்றில் சாதனத்திற்கென்றே முகவரி பெயர்ப்பு வன்பொருள் உண்டு. இவ்விரு நிலைகளையும் ஒரே இடைமுகத்தில் அடக்கும் பஸ் டிஎம்ஏ அமைப்பை 1998இல் ஜேசன் தார்ப் தம் கட்டுரையில் விளக்கினார்.

அதில் ஒத்திசைவுக் கட்டளை தனிக் கவனத்திற்குரியது. சாதனம் தரவைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் இயக்கி இதனை அழைக்கவேண்டும். தனியாள் கணினியில் பதுக்கு நினைவகமும் முதன்மை நினைவகமும் பொதுவாக வன்பொருளாலேயே ஒத்துப்போகும்; அழைப்பை விட்டுவிட்டாலும் இயக்கி பெரும்பாலும் பிழையின்றி ஓடும். அவ்வசதியற்ற மிப்ஸ் வகைக் கணினிகளில் அதே இயக்கி பழைய தரவைப் படித்துவிடும். பிழை எழுதப்பட்ட இடம் ஒன்று. வெளிப்படும் இடம் மற்றொன்று. ஆகவே, ஓர் இயந்திரத்தில் ஓடுவது ஓர் இயக்கியின் வன்பொருள் சாராமைக்குச் சான்றாகாது.

முடிவுரை

வன்பொருள் சாரா இயக்கி வன்பொருளை அறியாதது அன்று. தன் சாதனத்தை முழுதறிந்து, அது பொருத்தப்பட்ட கணினியைப் பற்றி எதையும் ஊகிக்காதது. இடைமுகம் வழிச் செல்வதால் சிறு நேரச்செலவு நேரலாம். எனினும், ஒரு திருத்தம் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் பயன்படுவது அச்செலவை ஈடுசெய்கிறது. தன் கணினியில் தேவையற்றதாகத் தோன்றும் அழைப்பையும் விடாது எழுதும் ஒழுங்கே இவ்வமைப்பை நிலைநிறுத்துகிறது.