பொம்மைத் துப்பாக்கி ஏன் இரும்பில் இல்லை?



போன தீபாவளிக்கு என் தம்பிக்கு ஒரு கேப் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தோம். பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே கறுப்பு நிறம், கையில் பிடித்தால் நல்ல கனம். மூணாம் நாளே கேப்பைத் தட்டும் சுத்தியல் ஒடிந்து போச்சு. "அண்ணே, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இதை இரும்புலயே செஞ்சிருந்தா உடைஞ்சிருக்காதுல்ல?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஸ்குரூவைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கு?

பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பாதியாகச் சேர்த்த உடல், ஒரு விசை, ஒரு சுத்தியல், ஒரு ஸ்பிரிங். விசையை இழுத்தால் சுத்தியல் பின்னால் போகும். விட்டதும் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். நடுவில் இருக்கும் கேப் நசுங்கி வெடிக்கும். புகை பக்கத்துத் துளை வழியாகப் போய்விடும். முன்னால் குழல் மாதிரி தெரிவது சும்மா அலங்காரம்தான், உள்ளே அடைத்திருக்கும்.

இதில் நிஜ எஃகு என்றால் ஸ்பிரிங் ஒன்றுதான். அது உயர் கார்பன் எஃகுக் கம்பி. ஆயிரம் தடவை அமுக்கினாலும் பழைய நிலைக்கே திரும்பி வரவேண்டும் என்பதால் அந்த இடத்தில் வேறு பொருள் சரிப்படாது.

தகரம், துத்தநாகம், பிளாஸ்டிக்

நம் தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் தகரத்தில் வந்தவை. தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. பிரஸ்ஸில் அடித்து, ஓரத்து நாக்குகளை மடக்கிச் சேர்த்துவிடுவார்கள். விலை குறைவு. ஆனால் ஓரம் கையைக் கிழிக்கும், பூச்சு போன இடத்தில் துரு ஏறும்.

அடுத்து வந்தது ஜமாக் என்ற துத்தநாகக் கலவை. 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி இதை உருவாக்கியது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும், துளி மெக்னீசியமும் சேரும். சில வகைகளில் கொஞ்சம் செம்பும் உண்டு. சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். எஃகுக்கோ 1500 டிகிரி அளவுக்கு வேண்டும். அதனால் ஜமாக்கை டை காஸ்டிங்கில் அழுத்தி ஊற்றினால், கைப்பிடியின் கோடு, எழுத்து எல்லாம் அப்படியே விழும். அடர்த்தி 6.6 என்பதால் எஃகின் கனத்துக்குப் பக்கத்தில் வரும். மேலே நிக்கல் முலாமோ கறுப்புப் பெயிண்டோ கொடுத்துவிட்டால் நிஜம் மாதிரியே இருக்கும்.

என் தம்பியின் சுத்தியல் இந்தக் கலவைதான். ஒடிந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. மைல்டு ஸ்டீலாக இருந்தால் ஒடிவதற்கு முன் வளைந்து, இழுபட்டிருக்கும். இதை நாம் லேபில் இழுவைச் சோதனையில் பார்த்திருக்கிறோம் அல்லவா? இன்னொன்று, ஜமாக்கில் மிகச் சிறிதளவு காரீயம் கலந்துவிட்டாலும், சில வருஷங்களில் தானாகவே வீங்கி வெடிப்பு விடும். மேல்நாட்டுப் பழைய பொம்மைக் கார்கள் பல இப்படித்தான் பாழாயின.

மூன்றாவது பிளாஸ்டிக். மலிவான பாலிஸ்டைரின் கீழே விழுந்தால் சில்லு சில்லாகும். அதில் ரப்பர் குணமுள்ள பியூட்டடையீனும் அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்தால் ஏ.பி.எஸ். கிடைக்கும். அது அடியைத் தாங்கும். அடர்த்தி 1.05தான், எனவே கனம் இருக்காது.

ஜப்பானின் பாடம்

நிஜத் துப்பாக்கி மாதிரியே பொம்மை செய்வதில் பேர் போன நாடு ஜப்பான். 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் 'ஏர்சாஃப்ட்' துப்பாக்கி அங்கே பிறந்ததுதான். அதன் உடல் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., உள்ளே பல்சக்கரப் பெட்டி துத்தநாகக் கலவை.

அந்த நாட்டுச் சட்டத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். உலோகத்தில் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கி வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், குழல் அடைபட்டிருக்க வேண்டும் என்று 1971-ல் விதித்தார்கள். 1977-ல் உலோகத்தின் கடினத்தன்மைக்கே ஒரு எல்லை வைத்தார்கள். அதாவது எஃகு கூடாது, மெதுவான கலவைதான்! யாராவது அதை நிஜத் துப்பாக்கியாக மாற்றப் பார்த்தால், அது தாங்காமல் ஒடிந்துபோக வேண்டும். 2006-ல் ஏர்சாஃப்ட் குண்டின் சக்திக்கும் சுமார் 0.98 ஜூல் என்று வரம்பு வந்தது. அமெரிக்காவில் 1989 முதல் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் தெரியவேண்டும் என்பது விதி.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். எல்லாப் பாகமும் பலமாக இருப்பதுதான் நல்ல டிசைன் என்று நாம் நினைக்கிறோம். பொம்மைத் துப்பாக்கி அப்படி இல்லை. அதன் பலவீனமே அதன் பாதுகாப்பு. "ஒர்க்‌ஷாப் லேத்துல ஒரு குழாய் கடைஞ்சு மாட்டினா எப்படி இருக்கும்?" என்று விளையாட்டாகப் பேசும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாட்டின அந்த நிமிஷமே அது பொம்மை இல்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அங்கே வந்து நிற்கும். அதற்கு முன்னால் நம் விரல் போயிருக்கும்.

கேப் பொம்மை அல்ல!

பார்த்தால் பயமாக இருக்கும் துப்பாக்கி வெறும் துத்தநாகமும் பிளாஸ்டிக்கும்தான். பார்த்தால் ஒன்றுமே இல்லாத சிவப்புக் காகிதப் பொட்டுதான் நிஜமான வெடிபொருள்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுக்கொண்டு வந்த தீப்பெட்டித் தொழில்தான் சிவகாசிக்கு ஆரம்பம். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அது 'பாதுகாப்புத் தீப்பெட்டி'. கேப்பிலோ, பிரித்து வைக்க வேண்டிய இரண்டையும் ஒரே பொட்டில் சேர்த்து விடுகிறார்கள். ஒரு தட்டு, ஒரு உரசல் போதும். குழந்தை கையில் ஒரு சமயத்தில் ஒரு பொட்டு, அதனால் டப் என்ற சத்தத்தோடு முடிந்துவிடுகிறது. செய்கிறவர்கள் முன்னால் இருப்பது ஆயிரக்கணக்கான பொட்டுகள்.

எங்கம்மா கேப் ஒட்டும் வேலைக்குப் போனவங்க. சாயந்திரம் வந்ததும் கை கால் கழுவி, சேலை மாத்தாமல் அடுப்புப் பக்கம் போகமாட்டாங்க. கூட வேலை பார்த்த ஒரு அக்கா, காய்ந்த தட்டைத் தூக்காமல் தரையில் இழுத்துவிட்டார். அந்த உரசல் ஒன்றுதான். இன்றைக்கும் அவருடைய வலது கை முழுசாக மடங்காது.

நல்ல பட்டாசு அறையில் இரும்புக் கரண்டி இருக்காது. மரமும் பித்தளையும்தான் இருக்கும். தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பில் நைலான் இல்லாமல் பருத்தித் துணி, வாசலில் உடம்பின் மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்க ஒரு செம்புத் தகடு. இவையும் பொருள் தேர்வுதானே நண்பர்களே! நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் மார்க்குக்காகப் படிப்பதை, அங்கே உயிருக்காகச் செய்கிறார்கள்.

நம்மில் பலர் நாளைக்கு டை காஸ்டிங் பட்டறைக்கோ பட்டாசு ஆலைக்கோதான் சூப்பர்வைசராகப் போகப் போகிறோம். ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் "இது எவ்வளவு தாங்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இது எந்த இடத்தில் தாங்கக் கூடாது? இதைச் செய்கிறவர் கையில் என்ன இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். முதலில் அந்தத் தட்டை இழுக்காமல் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் ஒரு மரக் கைப்பிடி வையுங்கள். அதற்குப் பெரிய டிசைன் எதுவும் வேண்டாம்.

தம்பிக்குச் சுத்தியலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அதே துத்தநாகத்தில்தான்!