இரும்பை மாற்றிய கலப்படம்

கலப்படம் என்றாலே நமக்குக் கசப்பு. பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்று அன்றாடம் பார்ப்பவர்கள் நாம். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்த ஒரு கலப்படம், இரும்புக்கு யாரும் எதிர்பாராத குணத்தைக் கொடுத்திருக்கிறது.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. கம்பியின் தடையே காரணம். 1911-ல் ஹாலந்து விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தபோது இந்தத் தடை அடியோடு மறைந்தது. இதுவே மீக்கடத்தல். காந்தம் இதற்குப் பகை என்பதால், இரும்பை விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

2008-ல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிடியோ ஹோசோனோ குழுவினர் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். அவர்கள் எடுத்த பொருளில் இரும்பும் ஆர்சனிக்கும் ஓர் அடுக்கு. லாந்தனமும் ஆக்சிஜனும் அடுத்த அடுக்கு. இதை அப்படியே குளிர வைத்தால் இரும்பு அணுக்களின் காந்தங்கள் எதிரும் புதிருமாக அணிவகுத்து நின்றுவிடும், மீக்கடத்தல் வராது. ஆக்சிஜன் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் 11-ஐ நீக்கி, அந்த இடத்தில் ஃபுளோரினை வைத்தார்கள். ஆக்சிஜனைவிட ஃபுளோரினுக்கு ஓர் எலக்ட்ரான் அதிகம். அந்த உபரி எலக்ட்ரான் பக்கத்து இரும்பு அடுக்குக்குப் போய்ச் சேர்ந்தது. காந்த அணிவகுப்பு கலைந்தது. மைனஸ் 247 டிகிரியில் மீக்கடத்தல் பிறந்தது. கலப்படம் அடுத்த வீட்டில்; பலன் இந்த வீட்டில்!

அதே ஆண்டில் சீன விஞ்ஞானிகள் லாந்தனத்துக்குப் பதில் சமாரியத்தை வைத்து மைனஸ் 218 டிகிரியை எட்டினார்கள்.

இதனால் நமக்கு என்ன? ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அதன் செலவு தெரியும். அந்தக் கருவியின் பெரிய காந்தத்துக்கு மீக்கடத்திக் கம்பியே ஆதாரம். அதைக் குளிர வைக்கும் திரவ ஹீலியமோ விலை அதிகம். 2015-ல் ஜப்பானில் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய சோதனை ரயிலிலும் இத்தகைய காந்தங்களே இருந்தன.

மலிவான திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி. அதிலேயே வேலை செய்ய சமாரியக் கலவைக்கு இன்னும் 22 டிகிரி பாக்கி. தாமிரக் கலவைகள் 1987-லேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன; ஆனால் அவற்றைக் கம்பியாக்குவது பெரும்பாடு. இரும்புக் கலவைகளிலும் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது. எளிதில் நொறுங்கும் குணமும் உண்டு. எனினும் பலமான காந்தப் புலத்திலும் அவை மீக்கடத்தலை எளிதில் இழப்பதில்லை. அந்தத் தெம்பில்தான் பல நாடுகளில் இரும்புக் கலவைகளைக் கம்பியாக்கும் முயற்சி நடக்கிறது.